ஆண்டவருக்கு நான் கொடுத்த அட்வான்ஸ்

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் ஆண்டவரும் வீட்டை வேறு பார்ட்டிக்குக் காட்ட மாட்டார் என்று நான் நம்பினேன். இதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியை ஆரம்பிக்க முடியாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் ஓர் ஆள், காலையில் பல் விளக்கி, வேதம் வாசித்து, தெளிவான மூளையோடுதான் அப்படி நம்பினான்.

என் தொழில் அப்படி. நான் வீட்டு புரோக்கர். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரை வாடகைக்கு, லீசுக்கு, விலைக்கு என்று எந்த வீடு எப்போது காலியாகும் என்பது வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரியும். அணுமின் நிலையக் குடியிருப்பான அணுபுரத்தில் ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் கடல் காற்று வேண்டும் என்பார்கள், உப்புக் காற்று வேண்டாம் என்பார்கள். இரண்டும் ஒரே காற்று என்று நான் சொல்ல மாட்டேன். பார்ட்டிக்கு வீடு பிடித்துவிட்டால் உடனே ஒரு தொகையை உரிமையாளர் கையில் வைத்துவிட வேண்டும். வாங்கிவிட்டால் அப்புறம் அவர் மாற்றிப் பேச வெட்கப்படுவார். ஆண்டவரையும் அப்படி வெட்கப்பட வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றால், பயம். இனி கொஞ்ச நேரம் சிரிப்புக்கு இடமில்லை.

என் மனைவி எஸ்தரின் தம்பி ஸ்டீபன். எலக்ட்ரீஷியன். நம் சபையில் எரியும் ஒவ்வொரு லைட்டும் அவன் கை பட்டது. நான் ஜோக் சொல்ல ஆரம்பித்தால் முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவான். அதனால் என்னுடைய பல ஜோக்குகளுக்கு நான் முடிவே வைத்ததில்லை. ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், நல்ல மழை, புதுப்பட்டினத்தில் ஷேர் ஆட்டோ ஏறினான். அதே ஆட்டோவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு விஜயாவும் ஏறினாள். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த டிப்பர் லாரி ஆட்டோவின் மேலேயே ஏறிவிட்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பேரும் இல்லை.

ஸ்டீபன் மனைவி மேரிக்கு இரண்டு பெண் குழந்தைகள். விஜயாவின் புருஷன் ஏழுமலை பெயின்டர். அவனுக்கு ஒரு பையன், ஒரு பெண். அவர்கள் நம் சபை இல்லை. ஆனால் பிணவறை வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதவர்களுக்கு அப்புறம் சபை, கோயில் என்று பிரிவு ஏது?

நஷ்ட ஈட்டு வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் நடந்தது. எங்கள் வக்கீலம்மா கெட்டிக்காரி. அப்படியும் தீர்ப்பு வந்தபோது தொகை குறைவு. ஸ்டீபனை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் கூண்டில் ஏறி சாட்சி சொல்லியும், என்ன தொழில் செய்தான் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, கூலியாள் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்கள். விஜயாவுக்குக் கம்பெனிச் சம்பளம் மட்டும்தான் கணக்கு. தொகையை உயர்த்தித் தரக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போட்டோம்.

அப்பீல் தூங்கிக்கொண்டிருக்கும்போது இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து ஒரு பேச்சு வந்தது. சென்னையில் மக்கள் நீதிமன்றம் கூடும் சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டால், முன்பு தீர்ப்பானதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து உடனே தருகிறோம், அத்தோடு அப்பீலை முடித்துக்கொள்ளலாம். வக்கீலம்மா மறைக்காமல் சொன்னார்: "அப்பீல்ல கூடலாம்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா கியாரண்டி குடுக்க மாட்டேன். எத்தனை வருஷம் ஆகும்னும் சொல்ல மாட்டேன். முடிவு உங்களுது."

முடிவு அவர்களுடையது. ஆனால் தூக்கம் போனது எனக்கு. மேரி ஒவ்வொன்றுக்கும் "அண்ணா, இன்னா பண்லாம்?" என்று என்னைத்தான் கேட்பாள். புதுப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் "கையெழுத்துப் போட்டுடும்மா" என்பேன். சதுரங்கப்பட்டினம் தாண்டுவதற்குள் போன் போட்டு "போடாதேம்மா" என்பேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி "போட்டுட்டா நிம்மதி" என்பேன். எஸ்தர் என் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள்.

"யோவ், நீ இன்னா சிக்னல் லைட்டா? ஒரு கலர்ல நில்லுய்யா!"

நான் எந்தக் கலரிலும் நிற்கவில்லை. அப்பீல் தோற்றால் கையில் வந்ததையும் தட்டிவிட்ட பாவம். கையெழுத்துப் போட்டுவிட்டால், இன்னும் கிடைத்திருக்குமே என்கிற வயிற்றெரிச்சல். எப்படிப் பார்த்தாலும் பழி புரோக்கருக்குத்தான்.

அந்த நிலைமையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கேட்டதைக் கிடைத்ததாகவே எண்ணி முன்கூட்டி நன்றி சொல்லும் வழக்கம் நம் சபையில் உண்டு. நல்ல வழக்கம். அதில் தப்பில்லை. புரோக்கர் கையில் அது சிக்கியதுதான் தப்பு. பாஸ்டர் "யாராவது நன்றி சொல்ல வேண்டியது இருக்கா?" என்று கேட்டதும் என் மூளையில் பல்பு எரிந்தது. இதுதான் டோக்கன்! இத்தனை பேர் முன்னால் நன்றியைக் கொடுத்துவிட்டால் ஆண்டவர் எப்படிப் பின்வாங்குவார்?

எழுந்தேன். மைக் என் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஸ்டீபன் கேஸ் ஜெயிச்சாச்சு! விஜயா கேஸ் ஜெயிச்சாச்சு! ரெண்டு மடங்கு! ஆண்டவர் ரெண்டு மடங்கு குடுத்துட்டார்!"

'விசுவாசத்தில்' என்று ஒரு வார்த்தை முன்னால் சேர்த்திருக்க வேண்டும். அதை வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தபோது சேர்த்திருந்தேன். மைக்கைப் பிடித்த சூட்டில் விழுங்கிவிட்டேன்.

அல்லேலூயா கூரையைத் தூக்கியது. கைதட்டல் நிற்கவில்லை. மேரி மட்டும் கைதட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது. என் சாட்சிக்கு நானே அழுத ஒரே நாள் அது.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் ஆரம்பித்தது. ஒருவர் என் கையைப் பிடித்து, மேரிக்குக் கல்பாக்கம் பக்கம் ஒரு மனை இருக்கிறது, பார்க்கச் சொல்லு என்றார். என் தொழிலை என்னிடமே! பாஸ்டர் அன்பாக, "கூரை ஷீட் மாத்தணும் பிரதர், மேரி சிஸ்டர் காதுல போட்டு வைங்க" என்றார். சாயங்காலத்துக்குள் ஏழுமலை தெருவுக்கும் செய்தி போய்விட்டது. சபைக்கு வராதவர்களுக்கு விசுவாசத்தில் சொன்னது, நிஜத்தில் சொன்னது என்கிற வித்தியாசமெல்லாம் எப்படித் தெரியும்? சபைக்கு வந்தவர்களுக்கே தெரியவில்லை.

"மேரிகிட்ட போயி உண்மைய சொல்லிடு" என்றாள் எஸ்தர்.

"சொல்லிட்டா அட்வான்ஸ் கேன்சல் ஆயிடும்" என்றேன்.

அவள் என் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் ஒளிந்து வாழ்ந்தேன். மேரி தெருவில் எனக்கு மூன்று வீடு காலியாக இருந்தது, ஒன்றையும் காட்டவில்லை. அவள் போன் செய்தால் எடுக்கவில்லை. சனிக்கிழமை அவர்கள் சென்னைக்குப் போவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், என் சாட்சி தானாக மங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானும் கூடப் போயிருக்க வேண்டியவன். வீடு பார்க்க ஒரு பார்ட்டி வருகிறது என்று எஸ்தரிடம் சொல்லியனுப்பினேன். பார்ட்டி வந்ததும் நிஜம்தான். வராவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் வக்கீலம்மா ஆபீசுக்குப் போனேன். அவர் சென்னை போயிருந்தார். குமாஸ்தா மட்டும் இருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்? சனிக்கிழமை ரெண்டு பேருமே வர்ல. ஒண்ணும் கையெழுத்தாவல. அந்த ஆபர் அவ்ளோதான், போச்சு."

"ஏன் வரலையாம்?"

"அப்பீல்ல பாத்துக்கலாம்னு இருப்பாங்க. அதிகமா கெடைக்கும்னு யாராவது சொல்லியிருப்பாங்க சார்."

யாராவது! அந்த யாராவது எதிரே நின்று வியர்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தேன். கால் தரையில் நிற்கவில்லை. கோர்ட் வாசலுக்கும் டீக்கடைக்கும் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். நான்கு பிள்ளைகளின் சாப்பாட்டை ஒரு மைக்கில் ஊதித் தள்ளிவிட்டேன். பாண்டிச்சேரிக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். வண்டியில் அவ்வளவு பெட்ரோல் இல்லை. இடது மார்பில் சுருக்கென்றது. ஆகா, ஆண்டவர் கணக்கை முடிக்கிறார் என்று முடிவு செய்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்தார். நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. மரணம் அதோடு வெளியே போயிற்று. ஆனால் பயம் போகவில்லை.

கோர்ட் மதிலோரம் வண்டிகள் நிற்கும் இடத்தில், என் ஸ்கூட்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெபித்தேன். பொருத்தனை இல்லை. கொடுப்பேன், செய்வேன் என்கிற பேரம் இல்லை. முன்கூட்டி நன்றியும் இல்லை. கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆண்டவரே, என் வாயால அந்த ரெண்டு குடும்பமும் கெட்டுப்போகக் கூடாது."

அவ்வளவுதான். வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறிய ஜெபம். ஆமென் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர், "இன்னா நைனா, வண்டி மேலயே தூங்குற? எடு, எடு!" என்றார்.

எடுத்தேன். நேராக மேரி வீட்டுக்கு. அந்த வளைவைத் தாண்டும்போது எப்போதும் வேகத்தைக் குறைத்து ஸ்டீபனிடம் ஒரு வார்த்தை பேசுவேன். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினேன்.

மேரி வீட்டு வாசலில் ஏழுமலை நின்றிருந்தான். சட்டையெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. கையில் ஒரு தூக்குச்சட்டி.

"வா அண்ணாத்த! ரெண்டு மடங்கு எங்க, டிக்கியிலயா வெச்சிகினு வந்த?"

என் கண் நிரம்பிவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். தீர்ப்பு எதுவும் வரவில்லை, விசுவாசத்தில் சொன்னேன், அட்வான்ஸ் என்று நினைத்தேன், என்னை நம்பி நீங்கள் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டீர்கள், நான் பாவி. கைக்குட்டை தேடினேன். பாக்கெட்டில் யாரோ ஒருவர் வீட்டுச் சாவிதான் இருந்தது.

மேரி உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். ஏழுமலையைப் பார்த்தாள். ஏழுமலை அவளைப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், ஸ்டீபன் போனபிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"உன்ன நம்பியா?" என்றான் ஏழுமலை. "அண்ணாத்த, பத்து நிமிஷத்துல பீச்சுன்னு சொல்லி நீ குடி வெச்ச வூட்டுக்கு நான் பெயின்ட் அடிச்சிகீறேன். மொட்ட மாடில டேங்க் மேல ஏறி நின்னாலும் கடல் தெர்ல. நீ ரெண்டு மடங்குன்னா நாங்க பாதியா மடிச்சி, அத்தையும் பாதியா மடிச்சிதான் எடுத்துப்போம்."

"சபையில அழுதியேம்மா?" என்றேன் மேரியிடம்.

"அழுவல அண்ணா. சிரிப்ப அடக்கிகினு இருந்தேன். தீர்ப்பு வந்தா வக்கீலம்மா எனக்கு சொல்ல மாட்டாங்களா? அத்த சொல்லலாம்னுதான் போன் பண்ணேன். நீ எடுத்தாதான?"

"அப்போ ஏம்மா கையெழுத்துப் போடலை?"

சிரிப்பு நின்றது. மேரி சொம்பைக் கீழே வைத்தாள்.

"அவுர கூலின்னு எழுதிகீறாங்க அண்ணா. கெடச்சா வேலைக்கு போறவருன்னு. அவுரு வயர் இழுக்காத வூடு இந்த ஊர்ல எத்தினி கீது, நீயே சொல்லு. டப்பு கூட வர்ட்டும், வராம போவட்டும். கையெழுத்து போட்டா அந்த எழுத்து அப்டியே நின்னுடும். நாளைக்கு என் பொண்ணுங்க அத்த படிக்கும்ல?"

ஏழுமலை தூக்குச்சட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"இத்த ஒரு வாய் சாப்ட்டு பாரு. நான் வெச்ச சாம்பார். இன்னா கொறைதுன்னு தெர்ல, மேரிய கேக்கதான் எடுத்தாந்தேன். விஜயா கம்பெனிக்கும் போயி, பசங்களுக்கு நாஸ்தா பண்ணி, துணி தொவச்சி, தண்ணி புட்சி... அதுக்கெல்லாம் கணக்கே இல்லியாம். கம்பெனி சம்பளம் மட்டும்தானாம். சாப்ட்டு சொல்லு அண்ணாத்த, அவ செஞ்ச வேலைக்கு மதிப்பு கீதா இல்லியா?"

சாப்பிட்டேன். ஒரு வாய்தான். மதிப்பு இருந்தது. ரொம்ப இருந்தது. மேரி ருசி பார்த்துவிட்டு ஏழுமலையிடம், "பெருங்காயம் போட்ல அண்ணா" என்றாள்.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னேன். மனதுக்குள் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. என்னைக் குற்ற உணர்ச்சியிலிருந்து காப்பாற்றத்தான் இரண்டு பேரும் அப்படிப் பேசுகிறார்கள், நிஜத்தில் என் சாட்சியை நம்பித்தான் சென்னைக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள் என்று. அதனால் அந்தச் சின்ன ஜெபத்தை விடவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, கேஸ் இன்னும் முடியவில்லை, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் மட்டும் வந்து தோளைத் தட்டி, கூரை ஷீட் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அப்பீல் நடந்தது. வாய்தா, வாய்தா, கோடை விடுமுறை, மறுபடி வாய்தா. மேரி தையல் மெஷின் வாங்கினாள். ஏழுமலை பெருங்காயம் போடக் கற்றுக்கொண்டான். இன்னொரு கார்த்திகை வந்து போனது. ஒருநாள் மத்தியானம் வக்கீலம்மா எல்லோரையும் வரச் சொன்னார்.

தொகை உயர்ந்திருந்தது. இரண்டு மடங்கு இல்லை. நான் சொன்னதற்கு ரொம்பக் கீழே, மக்கள் நீதிமன்றத்தில் தருகிறோம் என்றதற்கு நன்றாகவே மேலே. மேரி தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. "அவுர பத்தி எழுதினத படிங்க மேடம்" என்றாள். வக்கீலம்மா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னார்: கான்ட்ராக்டரின் சாட்சியைத் தள்ளியது சரியல்ல, இறந்தவர் எலக்ட்ரீஷியன் என்றே கொள்ள வேண்டும். மேரி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அப்புறமும் ஒரு முறை. விஜயா வீட்டில் செய்த வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்திருந்தார்கள். ஏழுமலை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பெயின்டர் சுவரைப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டோம்.

இப்போது நான் வீடு காட்டும்போது, கடல் தெரியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, தூக்கம் கூடியிருக்கிறது. ஜெபத்தில் பேரம் பேசுவதில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே சொல்லி, வெறும் கையோடு கேட்கிறேன். உங்களில் யாராவது இப்போது கோர்ட் வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ கால் தரையில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் போங்கள். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். அவருக்கு நம்மிடம் டோக்கன் வாங்கும் பழக்கம் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி.

தீர்ப்பு வந்த அன்று, பழைய புத்தி விடுமா, வக்கீலம்மா மேஜைக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் அன்னைக்கு நான் சாட்சி சொன்னதால வந்தது மேடம். இல்லேன்னா இவங்க போயி கையெழுத்துப் போட்டிருப்பாங்க" என்றேன்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து ஒரு தேதியைச் சொன்னார். நான் சாட்சி சொன்னது ஞாயிற்றுக்கிழமை. மேரியும் ஏழுமலையும் அந்த ஆபீசுக்கு வந்து, நாங்கள் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.